கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் கேட்கும் கேள்வி: "கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதே, கம்ப்யூட்டரில் கோளாறா?" பெரும்பாலும் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, எர்த் இணைப்பில்தான்.

எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கேபினெட்டுடன் இணைக்கின்றன. இவற்றில் கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் வழியாகப் பூமிக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் கேபினெட்டில் நிற்கும். உள்ளே இன்சுலேஷன் பழுதானால் முழு 230 வோல்ட்டும் வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

பழைய சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு இரும்புப் பெட்டி வைத்து, கம்ப்யூட்டருக்கு 3 பின் பாயிண்ட் எடுப்பது வழக்கம். அப்போது வெறும் துளை வழியே வயரை நுழைத்தால், தகட்டின் கூர்மையான விளிம்பு நாளடைவில் வயரின் உறையை அறுத்துவிடும். சரியான முறை இதுதான்:

1. முதலில் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும். நீங்கள் கூட நின்று கவனியுங்கள்.

2. இரு பெட்டிகளுக்கும் நடுவே, இருமுனையிலும் மரை உள்ள நிப்பிளைப் போட வேண்டும். ஒவ்வொரு பெட்டித் தகட்டுக்கும் வெளியே ஒரு லாக் நட், உள்ளே ஒரு லாக் நட். நட்டின் பல் உள்ள பக்கம் தகட்டைப் பார்த்து இருக்க வேண்டும்.

3. நட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட வேண்டும். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது.

4. நிப்பிளின் முனையில் வழவழப்பான புஷ் போட்ட பிறகே வயரை இழுக்க வேண்டும். புஷ் வயரைக் காக்கும். ஆனால் அது லாக் நட்டுக்கு மாற்று ஆகாது.

5. நிப்பிளை மட்டும் நம்பாமல், தனியாகப் பச்சை எர்த் வயர் இழுத்து, இரு பெட்டிகளிலும் ஸ்குரூ வைத்து முடுக்க வேண்டும். பி.வி.சி. பைப் என்றால் இது கட்டாயம்.

6. டெலிபோன், நெட்வொர்க் கேபிள்களை இதே வழியில் கொண்டுபோகக் கூடாது.

முடிந்ததும் மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சிலர் சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். மீட்டர் சரியாகத்தான் காட்டும். ஆனால் நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் பாயும். ஆகவே சாக்கெட்டை மூடும் முன் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.