கணிப்பொறிப் பாடம்: "நான்" போய் "நீங்கள்" வரும்போது

கேட்டதற்குப் பதில் சொல்லும் புரோகிராமை சாட்பாட் என்கிறோம். இன்று பெயர் பெற்று விளங்கும் சாட்பாட்கள் ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகியவை. அவற்றுக்கு முன்பு, இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று மனிதர்களே எழுதிக் கொடுத்த சாட்பாட்கள் இருந்தன. ஜோசப் வைசன்பாம் உருவாக்கி 1966-இல் விவரித்த எலிசா அவற்றில் முன்னோடி. ரிச்சர்ட் வாலஸ் 1995-இல் தொடங்கிய ஆலிஸ் 2000, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் லோப்னர் பரிசைப் பெற்றது. ஆலிஸுக்காகப் பிறந்ததுதான் ஏ.ஐ.எம்.எல். என்னும் மொழி. பள்ளி மாணவர்களும் எழுதிப் பார்க்கக்கூடிய அளவுக்கு எளியது. இதைத் தமிழ் பேச வைக்க முயன்றால், கணிப்பொறிப் பாடத்தோடு இலக்கணப் பாடமும் சேர்ந்தே கிடைக்கும்.

குறிச்சொற்கள்

இம்மொழியில் எல்லாம் டேக் எனப்படும் குறிச்சொற்களால் நடக்கிறது. பேட்டர்ன் என்ற குறிச்சொல்லுக்குள் கேள்வியின் அமைப்பு. டெம்ப்ளேட் என்பதற்குள் பதில். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது கேட்டகரி. "என் பெயர் *" என்று பேட்டர்ன் எழுதினால், உடுக்குறி இருக்கும் இடத்தில் எந்தச் சொல்லும் வரலாம். அந்தச் சொல்லைப் பதிலில் கொண்டுவருவது ஸ்டார். "என் பெயர் முருகன்" என்றால் "வணக்கம் முருகன்" என்று பதில் வரும். எஸ்.ஆர்.ஏ.ஐ. என்ற குறிச்சொல் ஒரு கேள்வியை இன்னொன்றுக்குத் திருப்பிவிடும். "வாங்க", "நமஸ்காரம்" இரண்டையும் "வணக்கம்" என்பதற்குத் திருப்பினால், ஒரே பதில் மூன்றுக்கும் போதும்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். குறிச்சொல் தானாக வேலை செய்யாது. அதைப் படித்துச் செயல்படுத்தும் இன்ஜின் தனிப் புரோகிராம். மேப் என்பது ஏ.ஐ.எம்.எல். 2.0 பதிப்பில் வந்த குறிச்சொல், 1.0.1 பதிப்புக்கென எழுதிய இன்ஜினுக்கு அது புரியாது. ஆகவே இன்ஜின் எந்தக் குறிச்சொற்களை ஏற்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழில் வரும் சிக்கல்

பெர்சன்2 என்ற குறிச்சொல் தன்மையை முன்னிலையாகவும், முன்னிலையைத் தன்மையாகவும் மாற்றும். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்ற பட்டியலை இன்ஜினை அமைப்பவர்தான் தர வேண்டும். ஆங்கிலத்தில் "ஐ கோ" என்பது "யூ கோ" ஆகும், வினைச்சொல் அசையாது. தமிழில் "நான் நாளை ஊருக்குப் போகிறேன்" என்பதில் "நான்" என்ற சொல்லை மட்டும் மாற்றினால், "நீங்கள் நாளை ஊருக்குப் போகிறேன்" என்று வரும்! ஆள் யார் என்பதை நம் வினைமுற்றின் விகுதியும் சொல்கிறது. "நாளை வருகிறேன்" என்றாலோ மாற்றுவதற்கு "நான்" என்ற சொல்லே இல்லை.

ஆனால் "எனக்குப் பசிக்கிறது" என்பது "உங்களுக்குப் பசிக்கிறது" என்று சரியாகவே மாறும். நான்காம் வேற்றுமை வரும் இத்தகைய வாக்கியங்களில் வினை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: எனக்கு, எனக்குக், எனக்குச், எனக்குத், எனக்குப் என்பவை நமக்கு ஒரே சொல்; இன்ஜினுக்கோ ஐந்து சொற்கள். ஐந்தையும் பட்டியலில் எழுத வேண்டும்.

வேற்றுமை உருபும் இப்படித்தான். "நான் நாக்பூரில் இருக்கிறேன்" என்றால் உடுக்குறி பிடிப்பது ஊர்ப்பெயரை அல்ல, "நாக்பூரில்" என்ற முழுச் சொல்லை. "* நல்ல ஊர்" என்று பதில் வைத்திருந்தால் "நாக்பூரில் நல்ல ஊர்" என்று உளறும்.

தீர்வு என்ன?

அடிக்கடி வரும் வினைகளைப் பட்டியலில் சேர்க்கலாம்: போகிறேன் – போகிறீர்கள், வந்தேன் – வந்தீர்கள், சாப்பிடுவேன் – சாப்பிடுவீர்கள். நீயா, நீங்களா என்பது அடுத்த கேள்வி. பேசுபவர் பெரியவரா சிறியவரா என்பதை செட் என்ற குறிச்சொல்லால் குறித்து வைத்து, கண்டிஷன் என்ற குறிச்சொல்லால் பதிலைப் பிரிக்கலாம். "நாங்கள் போகிறோம்" என்றால் "நீங்கள் போகிறீர்கள்" ஆகும். "நாம் போகலாம்" என்றால் "நாம்" அப்படியே நிற்க வேண்டும், ஏனெனில் அதில் கேட்பவரும் அடக்கம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் "வீ" ஒன்றுதான்.

வெளி மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்களும் இவைதாம். "தாத்தா, நீ வா" என்று சொல்லும் குழந்தைக்கு மரியாதை தெரியாமல் இல்லை. விகுதி காதில் விழுந்து பழகவில்லை, அவ்வளவே. ஊரில் கேட்டே கற்ற விதிகளை, கணிப்பொறிக்காக ஒவ்வொன்றாக எழுதும்போது பிள்ளைகள் அவற்றைத் தாமே கண்டுபிடிக்கிறார்கள்.

பயிற்சி

1. "நான் பாட்டியிடம் கேட்டேன்" – பெரியவரிடம் பேசுவதுபோல முன்னிலையாக மாற்றுக.

2. "எனக்குத் தமிழ் தெரியும்" – முன்னிலையாக்கும்போது எந்தச் சொல் மாறாது? ஏன்?

3. "நாங்கள் வருகிறோம்", "நாம் வருகிறோம்" – சாட்பாட் இவற்றுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை எழுதுக.

எழுதிய விடைகளை வீட்டுப் பெரியவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். காதுக்குத் தவறாகப் படுவதை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.