பாட்டிலில் என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு பேனா, ஒரு தாள், செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும். கூடவே உங்கள் மாட்டுக் கொட்டகையிலும் பரண் மேலும் கிடக்கிற பாட்டில், டப்பா, பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். காலியானதும் சரிதான். திருவையாறு பக்கம் எங்கள் குழுவில் சம்பா நடவு முடிந்த கையோடு இப்படி ஒருநாள் உட்கார்ந்தோம். ஆளாளுக்குச் சாக்குப் பையில் கொண்டுவந்து திண்ணையில் பரப்பினார்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இதை எதுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் வந்த பதில் ஒன்றுதான்: "நான் எங்கண்ணே வாங்கினேன்? யூரியா கேட்டேன், இதையும் சேர்த்துத் தலையில கட்டிட்டாங்க."

டெல்டாவில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் மேலுரத்துக்கு ஓடும்போதுதான் கடையில் யூரியா குறையும். அப்போது இரண்டு மூட்டைக்கு ஒரு டப்பா என்று கணக்குப் பேசுவார்கள். குருணை ஒரு பக்கெட், வளர்ச்சி ஊக்கி ஒரு பாட்டில், நானோ யூரியா ஒன்று. வேண்டாம் என்றால் "ஸ்டாக் இல்லை". உழவர்களிடம் இதற்குப் பெயர் 'இணைப் பொருள்'. கடைக்காரரைக் கேட்டால், மேலே இருக்கிறவர்கள் எனக்கும் இப்படித்தான் கட்டி அனுப்புகிறார்கள் என்கிறார். அதில் பொய் இல்லை. ஆனால் மேலே இருந்து இறங்கி வருகிற சுமை கடைசியில் யார் தலையில் உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

"நாங்கதான் இயற்கைக்கு மாறிட்டோமே, எங்களுக்கு எதுக்கு இந்தப் பாடம்?" என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன். மாறிக்கொண்டிருக்கிறவர்கள் பலர் முதல் வருடம் ஒரு ஏக்கரில் மட்டும்தான் இயற்கை செய்கிறார்கள். மீதி நிலத்துக்கு இன்னும் அதே கடைக்குத்தான் போகிறார்கள். அடுத்தது, அதே கடையில் இப்போது 'ஆர்கானிக்' என்று பச்சை லேபிள் ஒட்டிய தனி அலமாரியே வந்துவிட்டது. ரசாயன மூட்டையிலிருந்து தப்பித்து வருகிறவனை அந்த அலமாரி பிடித்துக்கொள்கிறது.

முதல் கணக்கு: 20 கிராமும் 20 கிலோவும்

திண்ணையில் அதிகம் இருந்தது நானோ யூரியாதான். 2021-இல் சந்தைக்கு வந்த 500 மில்லி பாட்டில். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஒரு பாட்டில் சமம் என்று விளம்பரம் செய்தார்கள். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிக்கச் சொன்னேன். தழைச்சத்து 4 சதவீதம்.

500 மில்லியில் 4 சதவீதம் என்றால் 20 கிராம். ஒரு கைப்பிடி கூட இல்லை.

யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக, 20.7 கிலோ. அதாவது பாட்டிலில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு.

இப்போது விலைக்கு வருவோம். மூட்டை 266 ரூபாய் 50 காசு. தழைச்சத்து கிலோவுக்கு 13 ரூபாய்கூட ஆகவில்லை. பாட்டில் 225 ரூபாய். 20 கிராமுக்கு 225 என்றால் கிலோவுக்கு 11,250 ரூபாய்! மூட்டைக்கு அரசு மானியம் இருக்கிறதே, இது நியாயமான ஒப்பீடா என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மானியம் இல்லாவிட்டால் ஒரு மூட்டை 2,000 ரூபாயைத் தாண்டும். அப்படிப் போட்டாலும் தழைச்சத்து கிலோ சுமார் 100 ரூபாய்தான். பின்னால் 20 சதவீதம் என்று ஒரு புது பாட்டிலும் வந்தது. அதில் 100 கிராம் இருக்கும். அதே விலைக்கு வாங்கினாலும் கிலோவுக்கு 2,250 ரூபாய் ஆகிறது.

"இது இலை வழியா நேரா உள்ளே போகும், வீணாகாது, அதனால கொஞ்சம் போதும்" என்று சொல்வார்கள். சரி, ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் நெல் விளைய, நெல்லும் வைக்கோலுமாகப் பயிர் எடுத்துக்கொள்கிற தழைச்சத்து ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ. ஏக்கருக்கு இரண்டு டன் கண்டால் 30 முதல் 40 கிலோ. அந்த 30 கிலோவில் 20 கிராம் எத்தனை பங்கு? தழைச்சத்து ஒரு தனிமம். நானோ என்று பெயர் வைத்தால் அது குட்டி போடாது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரண்டு வருடம் வயலில் வைத்துப் பார்த்தது. வழக்கமான யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்ததில் நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது.

இதைச் சொல்வதால் யூரியா மூட்டையை நான் சிபாரிசு செய்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் கணக்குக்கு வருகிறேன். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில் பூ எடுக்கும் சமயம் மடக்கி உழுதால், நன்றாக வந்த பயிர் குறைந்தது நான்கு டன் பச்சை கொடுக்கும். பச்சைத் தழையில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்தாலும் 20 கிலோ. ஒரு மூட்டை யூரியா! விதை கிலோ 100 ரூபாய் என்றால் 2,000 ரூபாய் செலவு. தழைச்சத்து கிலோவுக்கு 100 ரூபாய் விழுகிறது. மானிய யூரியாவைவிட இது மலிவு என்று நான் சொல்லமாட்டேன், கணக்கு அப்படி இல்லை. ஆனால் யூரியாவில் வராத மட்கு இதில் வருகிறது, மண் பொலபொலப்பாகிறது. அடுத்த வருடம் விதைக்கு வயல் ஓரத்தில் தேவையான அளவு முற்ற விட்டால் அந்த 2,000 ரூபாயும் மிச்சம். பசுந்தாள் விதை மானியத்தில் கிடைக்கிறதா என்று வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ஆனி மாதமே கேட்டு வையுங்கள். ஆவணியில் கேட்டால் தீர்ந்துபோயிருக்கும்.

இரண்டாவது: எண் எங்கே?

திண்ணையில் இருந்த மற்ற பாட்டில்களில் கணக்குப் போடவே வழி இல்லை. எதில் எவ்வளவு என்று போட்டால்தானே வகுக்க முடியும்? "தாவரச் சாறுகள்", "இயற்கை நொதிகள்", "அதிக தூர், அதிக மகசூல்" என்று எழுதி, பச்சைப்பசேல் என்று நெற்கதிர் படம் போட்டிருக்கும். ஒன்றில் ஆறு பயிரின் படம், நெல்லில் ஆரம்பித்து ரோஜா வரைக்கும்.

இந்த மாதிரி பாட்டில்களுக்கு நான் வைத்திருக்கிற சோதனை எளிது. வயலுக்கு விற்கிற பாட்டில் ஏதாவது ஒரு சட்டத்துக்குள் வர வேண்டும். சத்து தருகிறது, உயிர் உரம், வளர்ச்சி ஊக்கி என்றால் உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985. பூச்சியைக் கொல்லும், நோயைத் தடுக்கும் என்றால் அது வேப்ப எண்ணெய் மருந்தானாலும் டிரைகோடெர்மாவானாலும் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968. லேபிளில் பதிவு எண் இருந்தாக வேண்டும். பூச்சியும் போகும், தூரும் கட்டும் என்று இரண்டையும் சொல்லி, இரண்டு சட்டத்திலும் எண் இல்லாத பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். 'இயற்கை மருந்து' என்ற பெயரில் உள்ளே ரசாயனப் பூச்சிக்கொல்லியைக் கலந்து விற்றது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. நஞ்சில்லாமல் விளைவித்தேன் என்று சொல்லி அரிசி விற்கிறவருக்கு இது வெறும் பண நஷ்டம் இல்லை. அரிசியில் எச்சம் வந்தால் சான்றிதழும் போகும், வீடு தேடி வாங்குகிற வாடிக்கையாளரும் போவார்.

வளர்ச்சி ஊக்கிகள் 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள்ளேயே வந்தன. அதுவரை கேட்பார் இல்லை. சுமார் 30,000 வகை ஊக்கிகள் கட்டுப்பாடில்லாமல் விற்கப்பட்டதாகவும், பிறகு அது 8,000 ஆகி, கெடுபிடி செய்ததில் 650 அளவுக்கு இறங்கியதாகவும் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் சொன்னார். முப்பதாயிரம் எங்கே, அறுநூற்று ஐம்பது எங்கே! மீதியை வாங்கி வயலில் ஊற்றியது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர் உரம் வேறு விதம். அது நல்ல பொருள், ஆனால் உயிருள்ள பொருள். திரவ அசோஸ்பைரில்லம் என்றால் மில்லிக்குப் பத்துக் கோடி உயிரணு இருக்க வேண்டும் என்பது விதி. லேபிளில் அந்த எண்ணிக்கையும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். இருந்தும் என்ன, கடை வாசலில் சித்திரை வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் உள்ளே இருப்பது பிணம்தான். நிழலில் வைத்திருக்கிற இடத்தில், புதிதாக வந்ததை வாங்குங்கள்.

நம்மாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பஞ்சகவ்யா லிட்டர் 150 ரூபாய் என்று பாட்டிலில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் டேங்க்குக்கு 300 மில்லி. ஏக்கருக்கு 20 டேங்க் அடித்தால் 6 லிட்டர், 900 ரூபாய். ஒரு போகத்தில் நான்கு முறை அடித்தால் 3,600. மாடு இல்லாதவர் ஒரு தடவை வாங்கிப் பார்க்கலாம், தப்பில்லை. மாடு வைத்திருக்கிறவர் எதற்கு வாங்க வேண்டும்? அமிர்தக் கரைசலுக்கு 10 கிலோ பசுஞ்சாணம், 10 லிட்டர் கோமியம், கால் கிலோ நாட்டுச் சர்க்கரை, 200 லிட்டர் தண்ணீர், ஒரு நாள் காத்திருப்பு. கையை விட்டுப் போகும் காசு சர்க்கரைக்கு மட்டும்தான். கலக்குகிற உங்கள் உழைப்புக்கும் கூலி எழுதிக்கொள்ளுங்கள், அப்படியும் பாட்டில் பக்கத்தில் வராது. விதையிலும் இதே கதை நடக்கிறது. மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டார். அப்படிப் பரவிய மாப்பிள்ளைச் சம்பாவைச் சிலர் இன்று அரை கிலோ பாக்கெட்டில் அடைத்து, அரிசி விலையைப்போலப் பல மடங்குக்கு விற்பதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

மூன்றாவது: பில்

உரம் வாங்கினால் பில் தர வேண்டியது கடைக்காரரின் கடமை. இருப்பும் விலையும் பலகையில் எழுதி வைத்திருக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணையே இதைச் சொல்கிறது. கைரேகை வைக்கிற மெஷினில் யூரியாவுக்கு மட்டும் சீட்டு வரும். தலையில் கட்டிய பாட்டில் பெரும்பாலும் அதில் வராது. அதற்கும் பெயர், தொகுதி எண், விலை போட்டுத் தனி பில் கேளுங்கள். பில் போடச் சொன்னவுடனேயே சில கடைகளில் "சரி, அது வேண்டாம்னா விடுங்க" என்று பாட்டில் அலமாரிக்குத் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படியே புகாருக்கு உரிய விஷயம். விவசாயி நுகர்வோரா என்ற சந்தேகமும் வேண்டாம். ஆந்திர விவசாயிகள் மோசமான விதைக்கு நஷ்டஈடு கேட்டபோது, விதைச் சட்டம் இருக்கிறது, இவர்கள் நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்று தேசிய விதைக் கழகம் வாதாடியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுகிற விவசாயி, சோதனைக்கு மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. ஆனாலும் நான் சொல்வது: காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், லேபிளைப் படம் எடுத்து வையுங்கள்.

முதலில் வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்கள். மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது ஒரு அக்கா கேட்டார்: "அறுப்பு வரைக்கும் கடன்ல உரம் குடுக்குற கடைக்காரர்கிட்ட நான் எப்படிண்ணே பில் கேக்குறது?" திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இப்போதைக்கு நான்கு குடும்பம் சேர்ந்து, அந்தக் கடன் கணக்கில் எவ்வளவு மூட்டைக்கு, எவ்வளவு பாட்டிலுக்கு என்று பிரித்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். அந்த அக்காவின் மூன்று மா நிலத்தில் வருகிற ஆடியில் தக்கைப்பூண்டு போட, குழுவிலிருந்தே விதை கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். திருப்பித் தரும்போது விதையாகத் தரட்டும்.