பெஞ்சமின் லீ கின்னஸும் அவர்தம் குடும்பமும்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பண்டைக்காலத்துப் பேராலயங்கள் இரண்டு உள. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விரண்டும் பழுதுற்றுச் சிதையும் நிலையை எய்தின. அவற்றுள் கிறிஸ்து ஆலயத்தை விஸ்கி வணிகராகிய ஹென்றி ரோ என்பவரும், தூய பாட்ரிக் ஆலயத்தைப் பியர் வணிகராகிய பெஞ்சமின் லீ கின்னஸ் என்பவரும் தத்தம் பொருளால் புதுப்பித்தனர். மது விற்ற பணம் ஆலயத்தைத் தாங்கியது எங்ஙனம் என மாணவர் வினவலாம். இவ்விருவருள் பின்னவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இவருடைய பாட்டனாரான ஆர்தர் கின்னஸ், 1759-ஆம் ஆண்டில், டப்ளினின் தூய ஜேம்ஸ் வாயில் என்னுமிடத்துப் பியர்த் தொழிற்சாலையை ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். ஒன்பதினாயிரம் என்பது அச்சுப்பிழையன்று! பேரனாகிய பெஞ்சமின் 1798-இல் பிறந்து, இளமையிலேயே அத்தொழிலிற் புகுந்து, 1855-இல் தந்தையார் இறந்தபின் அதற்குத் தனியுரிமையாளர் ஆயினார். புகைவண்டியும் நீராவிக் கப்பலும் பெருகிய காலமாதலின், அவருடைய கரிய பியர் கடல் கடந்து பரந்தது. யாழ்ச்சின்னம் பொறித்த சீட்டு 1862 முதல் புட்டிகளை அணிசெய்தது. சாராயமே குடிகெடுப்பது, பியர் உடலுக்கு உரமளிப்பது என அக்காலத்தார் பலர் கருதியமையால், அவரை யாரும் எளிதிற் பழித்திலர்.

1837-இல் அவர் மணந்த எலிசபெத் அம்மையார், அவர் தந்தையின் உடன்பிறந்தாருடைய மகளாவார். நம் நாட்டு வழக்கில் தங்கை முறையாகும் இவ்வுறவு அந்நாட்டில் மணத்திற்குத் தடையன்று. இவர்களுக்கு ஆண்மக்கள் மூவரும், பெண் ஒருவரும் பிறந்தனர். மகளை மணந்த பிளங்கெட் என்னும் குருவானவர் பிற்காலத்தில் டப்ளினின் அத்தியட்சர்களுள் தலைவரானார்.

பெஞ்சமின் 1851-இல் டப்ளின் நகரத் தலைவராகவும், 1865-இல் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆயினார். 1860 முதல் 1865 வரை ஆலயத் திருப்பணிக்கு அவர் செலவிட்டது ஏறத்தாழ 1,50,000 பவுன். வேலையைத் தாமே மேற்பார்த்தார். அதனால் பழைய கட்டடத்தின் இயல்பு மாறிற்று எனக் குறைகூறினாரும் உளர். ஆயினும் அவர் கைநீட்டியிராவிடின் குறைகூறவும் கட்டடம் நின்றிராது.

இதே குடியிற் பிறந்த ஹென்றி கிராட்டன் கின்னஸ் என்பவர் வேறொரு வழிச் சென்றார். பெஞ்சமினுக்குச் சிற்றப்பன் மகனாகிய இவர் பெயர்பெற்ற பிரசங்கியார்; 1873-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் மிஷனரிமாரைப் பயிற்றும் கழகம் ஒன்றை நிறுவினார். ஒரே குடிப்பெயர் புட்டியிலும் பிரசங்க பீடத்திலும் விளங்கியது!

1868-இல் பெஞ்சமின் காலமானார். தொழிற்சாலை மூத்த மகன் ஆர்தருக்கும் இளைய மகன் எட்வர்டுக்கும் பொதுவாயிற்று. அரசியலில் நாட்டமுடைய ஆர்தர், 1876-இல் 6 லட்சம் பவுனுக்குக் குறையாத தொகை பெற்று விலகினார். அவர் முயற்சியால் தூய ஸ்டீபன் பூங்கா 1880-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எட்வர்டு 1886-இல் தொழிலைப் பங்கு நிறுவனமாக்கினார். அதன் மதிப்பு 60 லட்சம் பவுன். 1890-இல் லண்டன், டப்ளின் நகரங்களின் ஏழைத் தொழிலாளர்க்கு வீடுகள் கட்ட 2,50,000 பவுன் ஈந்தார்.

அவ்வீடுகளிற் குடியேறிய தொழிலாளருள் சிலரேனும் மாலைதோறும் கின்னஸ் குடித்திருப்பர். அவர்தம் கூலியிற் சில காசுகள் சுற்றிச் சென்று அவர்க்கே கூரையாய் மீண்டன எனில், ஈந்தவர் யார், பெற்றவர் யார்? நன்கொடையால் எழுந்த கட்டடங்களில் அமர்ந்து பயிலும் நமக்கு இவ்வினா அயலதன்று; யான் பன்முறை எண்ணியும் இதற்கு விடை கண்டிலேன். பெஞ்சமினோ, ஃபோலி என்னும் சிற்பியார் வடித்த சிலையாய், தாம் புதுப்பித்த ஆலயத்தின் புறத்தே இன்றும் அமர்ந்திருக்கிறார்.