முதலில் குடியேற வேண்டியது மீன் அல்ல

வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களிடம் ஒரு நம்பிக்கை வலுவாக இருக்கிறது. நல்ல கண்ணாடித் தொட்டி, விலை உயர்ந்த விளக்கு, புரோட்டீன் ஸ்கிம்மர், ஒரு வாளி கடலுப்பு எல்லாம் வாங்கிவிட்டால் சனிக்கிழமை தண்ணீர் நிரப்பி ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டுவிடலாம் என்பதுதான் அது. மீன் செத்தால் கருவி சரியில்லை என்று இன்னொரு கருவி வாங்குகிறார்கள். ஆனால் புதுத் தொட்டியில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் கருவி காரணமாக இருப்பதில்லை. மீன் வெளியேற்றும் கழிவின் நஞ்சை முறிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் அங்கே இன்னும் குடியேறியிருக்காது. பவளத்தொட்டி அடிப்படையில் ஒரு நுண்ணுயிர்ப் பண்ணை. மீனும் பவளமும் அந்தப் பண்ணையை நம்பிப் பிழைக்க வருபவை. இதை ஏற்றுக்கொண்டால், கடைக்குக் கடை கைமாறும் அறிவுரைகளில் எது நிற்கும், எது நிற்காது என்று தானே தெரிந்துவிடும்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் வருவது அம்மோனியாதான். தண்ணீரில் இது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அதிகம் தீங்கு செய்யாத அம்மோனியம், மற்றொன்று செவுளைப் புண்ணாக்கும் நச்சு அம்மோனியா. எது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பி.எச். அளவு. பி.எச். 7 உள்ள நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், அதே கழிவில் ஏறத்தாழ பத்து மடங்கு நஞ்சாக மாறுகிறது. கோல்டு ஃபிஷ் வளர்த்துப் பழகியவர்கள் அந்த அனுபவத்தை நம்பிக் கடல்நீரில் இறங்கி ஏமாறுவது இதனால்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு பாதகமற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுவது கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். இந்த வேலை முழுக்கப் பாக்டீரியாக்களுடையது என்றே வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் காட்சியகத்து வெப்பமண்டலக் கடல்தொட்டி ஒன்றின் சரளையிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரோசோபியூமிலஸ் என்ற உயிர், பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா இனமும் அம்மோனியாவைத் தின்று வாழ்கிறது என்று காட்டியது. தொட்டிக்குள் நமக்காக உழைப்பவை யார் என்பதே அண்மையில்தான் தெளிவாகி வருகிறது. இவை மெதுவாகப் பெருகுபவை. சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும் என்றால், இவற்றுக்கு ஒரு நாள் அளவில் ஆகும். புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது.

இதற்குக் கடைக்காரர்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் காத்திருக்க வேண்டாம் என்பது ஒன்று. உயிரோடு வந்த நல்ல சரக்கு காலத்தைக் குறைக்கும் என்பது உண்மை. வெயிலில் கிடந்து செத்துப்போன சரக்கையும் அதே பாட்டிலில்தான் விற்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பாட்டிலை நம்பாமல் சோதனையை நம்ப வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா சேர்த்து, மறுநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். டாம்செல் போன்ற 'தாங்குகிற' மீனை முதலில் விட்டுப் பழக்கலாம் என்பது இரண்டாவது பதில். தாங்குவது என்றால் செவுள் வெந்தும் சாகாமல் கிடப்பது என்றுதான் பொருள். ஓர் உயிரை வதைத்துப் பெறும் அதே அம்மோனியாவை ஒரு துண்டுப் பச்சை இறாலை அழுக விட்டே பெறலாம். பிழைத்த டாம்செல் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு பின்னால் வரும் மீன்களைக் கடித்துத் துரத்தவும் செய்யும்.

ஸ்கிம்மர் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நுரையோடு கரிமக் கழிவை அள்ளி வெளியேற்றும் நல்ல கருவி, ஆனால் ஏற்கெனவே உருவாகிவிட்ட அம்மோனியாவை அது அகற்றாது. கருவியின் எல்லை எது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் கடல்தொட்டி முறையைப் பற்றி 1961இல் எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, இயற்கைக் கடல்நீர், காற்றுக் குமிழி, சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டே அவர் பவளங்களை வளர்த்தார். அந்தப் பாறையின் துளைகளுக்குள் இருந்த உயிர்களே அவருடைய வடிகட்டி.

சின்னத் தொட்டிதான் தொடங்குபவர்களுக்குச் சுலபம் என்ற நம்பிக்கையைக் கணக்கே கவிழ்த்துவிடும். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். 40 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் வற்றினால் உப்பு 36.8க்கு ஏறிவிடும். 200 லிட்டர் தொட்டியில் அதைப்போல் இரு மடங்கு வற்றினாலும் 35.7தான். வற்றியதை உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால் உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். குழாய்நீரும் போர்நீரும் இதற்கு உதவாது. அவற்றில் வரும் பாஸ்பேட் பாசியை வளர்க்கும், செம்பின் சுவடு நத்தையையும் இறாலையும் கொல்லும். ஆர்.ஓ. தண்ணீரை ஒருமுறை அயனி நீக்கியிலும் செலுத்திப் பயன்படுத்துவது நல்லது.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், இயற்கையான கடல்நீர் இருக்க உப்புப் பொடி எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. பெரிய காட்சியகங்கள் கடல்நீரைப் பயன்படுத்துகின்றன, ஆனால் தெளியவைத்து, வடிகட்டி, சோதித்த பிறகு. கூவமும் அடையாறும் கலக்கும் சென்னைக் கரையில், வடகிழக்குப் பருவமழை நாட்களில் குடத்தில் மொண்ட தண்ணீரின் உப்பளவும் நிலையாக இராது, தூய்மையும் இராது. அதிலுள்ள மிதவை உயிர்கள் குடத்துக்குள்ளேயே செத்து அம்மோனியாவாகும்.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் வெப்பமும் ஒரு சிக்கல். பவளமே இன்னொரு நுண்ணுயிர்ப் பண்ணைதான். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளியைக் கொண்டு சமைத்துத் தருவதே பவளத்தின் முதன்மையான உணவு. பழகிய உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை அளவு கூடி அது சில வாரம் நீடித்தாலே அந்தப் பாசி வெளியேறிப் பவளம் வெளுக்கத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் நடந்தது இதுதான். மே மாதத்தில் அறையே 33, 34 பாகையில் இருக்கும் வீட்டில் தொட்டியை 26 அளவில் வைக்கச் சில்லர் தேவைப்படும். ஆகவே கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்குக்குச் செலவிடும் காசில் ஒரு பகுதியைச் சில்லருக்கும், மின்தடையில் தண்ணீரைச் சுழற்றி உயிர்க்காற்று கொடுக்கும் பேட்டரி பம்புக்கும் ஒதுக்குவதே அறிவு.

எதை விடுவது என்பதிலும் இதே அவசரம்தான் கெடுக்கிறது. கோமாளி மீனுக்குக் கடல் அனிமோன் கட்டாயம் என்று நம்பி இரண்டையும் ஒரே நாளில் வாங்குவார்கள். கடலில் எதிரிக்கு அஞ்சித்தான் அந்த மீன் அனிமோனுக்குள் ஒதுங்குகிறது, எதிரி இல்லாத தொட்டியில் அது தனியாகவே நன்றாக வாழும். அனிமோனுக்கோ வலுத்த ஒளியும், குறைந்தது ஆறு மாதமாவது நிலைபெற்ற தொட்டியும் வேண்டும். திரைப்படத்தில் பார்த்த நீல டேங் மீன் ஓரடி வரை வளரும், வீட்டுத் தொட்டி அதற்குச் சிறை. ஒரு ஜோடி கோமாளி மீன், பாசி மேயும் சில நத்தைகள் என்று தொடங்கி, மாதத்துக்கு ஓர் உயிர் என்று கூட்டினால், நுண்ணுயிர்களும் கழிவின் அளவுக்கேற்பப் பெருக அவகாசம் கிடைக்கும். அந்த ஜோடியும் பண்ணையில் பொரித்ததாக இருக்கட்டும். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன் பொரிப்பு முறைகளை உருவாக்கியிருப்பதால், பாறையிலிருந்து பிடித்து வந்த மீனைத்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை இல்லை.

லீ சின் எங் செய்ததுபோல் கடலில் பாறை எடுத்து வரலாமா என்றால், இந்தியாவில் கூடாது. பாறை கட்டும் கடின பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதாயினும் வெற்றுக் கூடாயினும் 3 முதல் 7 ஆண்டு சிறை உண்டு. கடல்குதிரைக்கும் இதே காப்பு. கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே என்ற சமாதானம் செல்லாது. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்த தூத்துக்குடிக் கரையோரம், விலங்குச்சல்லி என்ற தீவு அரணிழந்து நீருக்குள் போயிருக்கிறது. பீங்கானிலும் சிமெண்டிலும் துளையுள்ள செயற்கைப் பாறை இன்று கிடைக்கிறது. அதில் உயிர் பிடிக்கக் கூடுதலாகச் சில மாதம் ஆகும், அந்த மாதங்களில் தொட்டி பழுப்புப் பாசியும் பச்சைப் பாசியுமாகப் பார்க்க அழகற்றும் இருக்கும். அதைக் கண்டு மருந்து ஊற்ற வேண்டாம். நத்தைகளை விட்டு, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, சோதனை எண்களைக் குறித்துவந்தால் போதும்.