புது ஒல்ரனேற்றர் பூட்டியும் பற்றறி ஏறாதது ஏன்?

உரும்பிராயில் தோட்டம் செய்யும் ஒருவரிடம் பழைய பட்டா வாகனம் ஒன்று உண்டு. அயலில் உள்ள நாலைந்து தோட்டங்களின் வெங்காயமும் வாழைக்குலையும் விடியப்புறத்தில் திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடத்துக்கும் போவது அதில்தான். ஒருநாள் பற்றறி இறங்கி வாகனம் வழியில் நின்றது. ஒல்ரனேற்றர் பழுது என்று சொல்லப்பட்டது. திருத்தி விற்கும் ஒன்றை வாங்கிப் பூட்டினார். மூன்று நாளில் பற்றறி மறுபடியும் இறங்கியது. வாங்கியது கூடாது என்று நினைத்து இன்னொன்றை மாற்றினார். அதுவும் அப்படியே. பிறகு புதுப் பற்றறி வாங்கினார். ஒரு கிழமையில் அதுவும் இறங்கிற்று. அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் வாங்க வைத்திருந்த காசு இதில் முடிந்துவிட்டது.

அந்த வாகனத்தை நாம் ஒரு சிறிய மீற்றருடன் பார்த்தோம். பிழையைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. என்ன பிழை என்பதைப் பின்னால் சொல்கிறோம். இந்தப் பாடம் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது விலை சிறு தோட்டக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே பழைய வாகனங்களை ஓடவைப்பதே பலருக்கு வழி. அதற்குக் கைத்திறனோடு கணக்கும் வேண்டும்.

டைனமோவும் ஒல்ரனேற்றரும்

பழைய வாகனங்களைக் காப்பாற்றும் கலை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் தொடங்கி மின்சாரமும் பெற்றோலும் இல்லாமற் போனபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நமது மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சைக்கிள் டைனமோ என்று நாம் சொன்னது உண்மையில் ஒரு சிறிய ஒல்ரனேற்றர்தான். உள்ளே காந்தம் சுழலும். சுற்றியுள்ள கம்பிச்சுருளில் ஆடலோட்டம் பிறக்கும். றேடியோவுக்கு நேரோட்டம் தேவை என்பதால் இடையில் டயோட் எனப்படும் இருவாயியை வைக்க வேண்டும். வாகன ஒல்ரனேற்றரிலும் இதே முறைதான். ஆனால் அங்கே சுழல்வது நிலையான காந்தம் அல்ல, மின்னால் காந்தமாகும் சுருள். அதற்குப் போகும் மின்னைக் கூட்டிக் குறைத்து அழுத்தத்தைச் சீராக வைப்பது றெகுலேற்றர். 1960இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பனி தனது வலியன்ற் காரில் இதைப் பூட்டியது. அதன்பின் பழைய நேரோட்ட டைனமோ படிப்படியாக மறைந்தது.

டைனமோக் காலத்துப் பழக்கங்கள் இரண்டு ஒல்ரனேற்றருக்கு ஆகாதவை. ஒன்று, எஞ்சின் ஓடும்போது பற்றறி வயரைக் கழற்றிச் சார்ஜ் பார்ப்பது. அக்கணத்தில் அழுத்தம் சடுதியாக உயர்ந்து டயோட்டுகளும் றெகுலேற்றரும் எரிந்துவிடும். மற்றது முனை பற்றியது. 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே வாகன உடலோடு, அதாவது ஏர்த்தோடு, இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வாகனங்களில் மறைமுனையே ஏர்த். முனை மாறினால் டயோட்டுகள் உடனே கருகும். பழைய ஒஸ்ரினுக்கு ஒல்ரனேற்றர் பூட்டுவோர் இதை முதலில் மாற்றியமைக்க வேண்டும்.

தொடங்கும் முன்

ஒல்ரனேற்றரைத் தொடுவதற்கு முன் பற்றறியின் மறைமுனை வயரைக் கழற்றி வையுங்கள். அதன் பின்புறத்துத் தடித்த வயரில் எந்நேரமும் மின் இருக்கும். சாவி அந்த முனையிலும் வாகன உடலிலும் ஒருசேரப் பட்டால் பொறி பறந்து பிரதான பியூஸ் எரியும். புதியதைப் பூட்டிய அன்றே சார்ஜ் ஏறாவிட்டால் அந்தப் பியூஸை முதலில் பாருங்கள்.

வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். 12 வோல்ற்றா 24 வோல்ற்றா, பெல்ற் ஓடும் சில்லின் அளவு ஒன்றா, வயர்ச் செருகியின் முனைகள் ஒன்றா என ஒப்பிடுங்கள். சில்லு பெரிதானால் ஒல்ரனேற்றர் மெதுவாகச் சுழன்று சார்ஜ் குறையும். சில டீசல் வாகனங்களில் பிறேக்குக்கு வெற்றிடம் கொடுக்கும் பம்பி ஒல்ரனேற்றரின் பின்னால் இருக்கும். அது இல்லாத ஒன்றைப் பூட்டினால் பிறேக் மிதி கல்லைப்போல் இறுகும், உயிருக்கே ஆபத்து.

ஆறு படிகள்

மீற்றரை நேரோட்டம் 20 வோல்ற்றில் வையுங்கள். வயர்களும் கைகளும் பெல்ற்றில் படாமல் கவனமாக இருங்கள்.

1. பற்றறி. வாகனம் சில மணித்தியாலங்கள் ஓடாமல் நின்றபின் பற்றறி முனைகளில் அளவுங்கள். 12.6 வோல்ற் நிறைவு, 12.2 ஏறக்குறைய அரைவாசி, 12.0க்குக் கீழே என்றால் வெறுமைக்குக் கிட்ட. இறங்கிய பற்றறியை வெளியே தனியாகச் சார்ஜ் ஏற்றிவிட்டே சோதனையைத் தொடருங்கள். வெறும் பற்றறியை நிரப்பும் வேலையைப் புது ஒல்ரனேற்றரிடம் விட்டால் அது சூடேறிக் கெட்டுவிடலாம்.

2. பெல்ற். இரண்டு சில்லுகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்துங்கள். சாதாரண பெல்ற் ஒரு சென்ரிமீற்றர் அளவு தாழ்வது சரி. பளபளப்பாக இருந்தால் வழுக்குகிறது என்று பொருள்.

3. சிவப்பு விளக்கு. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் பற்றறிப் படமுள்ள விளக்கு எரிய வேண்டும். பல வாகனங்களில் ஒல்ரனேற்றரின் சுருளைக் காந்தமாக்கும் முதல் மின் இந்தக் குமிழ் வழியாகவே போகிறது. இந்தச் சிறு குமிழ் எரிந்துபோனால் நல்ல ஒல்ரனேற்றரும் வேலை தொடங்காமல் இருக்கலாம். குமிழை விலக்கிவிட்டு அந்த வயரை நேரே பற்றறியில் கொடுக்க வேண்டாம், றெகுலேற்றர் எரியும்.

4. ஓடும்போது பற்றறியில். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளவுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 15க்கு மேல் என்றால் றெகுலேற்றர் பிழை. பற்றறி கொதித்துப் போகும்.

5. ஓடும்போது ஒல்ரனேற்றரில். சிவப்பு வயரை அதன் பின்புறத்துத் தடித்த முனையிலும் கறுப்பு வயரை அதன் உடலிலும் வையுங்கள். இங்கேயும் குறைவென்றால் பெல்ற், குமிழ் வயர், அல்லது ஒல்ரனேற்றர் பிழை. இங்கே 14க்கு மேல், பற்றறியில் மட்டும் குறைவு என்றால் ஒல்ரனேற்றரில் பிழையில்லை. பிழை வழியில் இருக்கிறது.

6. வழியில் இழப்பது எவ்வளவு. பெரிய விளக்குகளைப் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். மீற்றரின் ஒரு வயரை ஒல்ரனேற்றரின் தடித்த முனையிலும் மற்றதைப் பற்றறியின் நேர்முனையிலும் வையுங்கள். 0.3 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். பின்பு ஒல்ரனேற்றரின் உடலுக்கும் பற்றறியின் மறைமுனைக்கும் இடையே அளவுங்கள். 0.2க்குள் இருக்க வேண்டும். ஒல்ரனேற்றரை மாற்றியவர்களில் பலர் செய்யாமல் விடும் சோதனை இதுதான்.

உரும்பிராய் வாகனத்தில் கண்டது

ஒல்ரனேற்றரில் 14.3 வோல்ற், பற்றறியில் 12.4. இடையில் 1.9 வோல்ற் காணாமல் போயிருந்தது. ஆறாவது படியின்படி அளந்தபோது நேர்ப்பக்கத்தில் 1.6, ஏர்த் பக்கத்தில் 0.3.

தடித்த வயரின் முனையிலுள்ள செப்பு வளையம் பச்சை பூத்து, வயர் நுழையும் இடத்தில் கறுத்திருந்தது. ஒல்ரனேற்றரை இரண்டு முறை மாற்றியபோதும் அதே வளையத்தையே திரும்பப் பூட்டியிருந்தார்கள். எஞ்சினையும் சசியையும் இணைக்கும் ஏர்த் பட்டியின் கீழே செம்மண் காய்ந்து தட்டையாகப் படிந்திருந்தது.

வாசகர் ஒரு கணக்குப் பார்க்கலாம். விளக்கும் வைப்பரும் வேலை செய்யும்போது அந்த வயரில் 16 அம்பியர் ஓடுகிறது என்று வைப்போம். 1.6 வோல்ற் இழப்பதற்கு 0.1 ஓம் தடை போதும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீற்றரின் ஓம் அளவில் நம்பிப் பார்க்க முடியாது. மின் ஓடும்போது அளந்தால்தான் அது வெளிப்படும். அந்த இடத்தில் வீணாகும் வலு ஏறக்குறைய 26 வாற். வளையம் கறுத்ததற்கு அந்தச் சூடே காரணம்.

பற்றறி நிரம்பவில்லை என்பது றெகுலேற்றருக்குத் தெரியவில்லையா என்று கேட்கலாம். இந்த வாகனத்தில் றெகுலேற்றர் தன் சொந்த முனையில் உள்ள அழுத்தத்தையே பார்க்கிறது. அங்கே 14.3 இருந்தபடியால் தன் வேலை சரி என்று அது இருந்துவிட்டது.

வளையத்தை வெட்டிவிட்டு, வயரைப் பிரகாசமான செப்பு தெரியும்வரை உரித்து, புது வளையம் நசுக்கிப் பூட்டி ஈயம் ஒட்டினோம். ஏர்த் பட்டியைக் கழற்றி இரண்டு பக்கமும் அரத்தாளால் தேய்த்து இறுக்கினோம். பற்றறி முனையில் இருந்த வெண்பூவை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலின் பூசினோம். மறுபடி அளந்தபோது பற்றறியில் 14.1.

வேலை முடிந்தபின் அவர் ஒன்று சொன்னார். “தம்பி, இரவிலை ஓடேக்கை அந்தச் சிவப்பு லைற் மங்கலா எரியிறது. பகல்லை தெரியாது. அதாலை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” அந்த விளக்கின் ஒரு முனையில் 14.3, மறுமுனையில் 12.4. அந்த வித்தியாசமே அதை மங்கலாக எரியவைத்தது. அவர் முதலிலேயே சொல்லியிருந்தால், அல்லது யாராவது கேட்டிருந்தால், அந்த ஒரு சொல்லே போதுமாயிருந்திருக்கும். மெக்கானிக்குகள் சாதனங்களை எடுக்கும் முன் சாரதியிடம் கேட்கப் பழகுவோம்.

இரண்டாவதாகக் கழற்றிய ஒல்ரனேற்றர் அவர் வீட்டில் கிடந்தது. பூட்டிப் பார்த்தோம், அதுவும் நல்லது. முதலாவதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். அது பழுதா நல்லதா என்பது இனி ஒருவருக்கும் தெரியவராது.

எல்லாம் சரியாக இருந்தும் இறங்கினால்

ஓடும்போது பற்றறியில் 14 இருந்தும் காலையில் இறங்கியிருந்தால் இரண்டு காரணங்களைத் தேடுங்கள். பற்றறியில் ஓர் அறை கெட்டிருக்கலாம். அல்லது வாகனம் நிற்கும்போது எங்கோ மின் கசிகிறது. எஞ்சின் ஆறி நெடுநேரமான பின்னும் ஒல்ரனேற்றரைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தால் டயோட் கசிகிறது. எஞ்சின் ஓடும்போது மீற்றரை ஆடலோட்டத்துக்கு மாற்றிப் பற்றறியில் வைத்து, அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினாலும் டயோட்டையே சந்தேகிக்க வேண்டும். அப்போதுதான் ஒல்ரனேற்றரைக் கழற்றும் நேரம்.

சாதாரண மீற்றர் ஒன்றின் விலை ஒரு ஒல்ரனேற்றரின் விலையில் மிகச் சிறு பங்கு. நாலு தோட்டக்காரர் சேர்ந்தால் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம்.

குழுவாகச் செய்து பார்க்க

1. உங்கள் அயலில் உள்ள மூன்று வாகனங்களின் பற்றறி அழுத்தத்தை ஓடாதபோதும் ஓடும்போதும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

2. அவற்றில் ஒன்றுக்கு ஆறாவது படியைச் செய்யுங்கள். நேர்ப்பக்க இழப்பு எவ்வளவு? ஏர்த் பக்க இழப்பு எவ்வளவு?

3. கடந்த ஓராண்டில் அளக்காமல் மாற்றிய வாகன உதிரிப்பாகங்கள் எவை? அவற்றுக்குச் செலவான காசைக் கூட்டிப் பாருங்கள்.