ஊசி சொன்ன பொய்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்கிறார்கள். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. வேலை இழந்தவர்கள் வேறு தொழில் தேடினார்கள். அவர்களில் ஒருவர் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். அதை வாடகைக்கு ஓட்டினார்.

ஒரு நாள் இரவு பக்கத்துத் தெருப் பாட்டிக்கு நெஞ்சு வலி வந்தது. பெங்களூர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். ஓட்டுநர் பெட்ரோல் மீட்டரைப் பார்த்தார். ஊசி பாதியில் இருந்தது. "பெட்ரோல் போதும்" என்று புறப்பட்டார்.

கோலாரைத் தாண்டியதும் கார் திணறியது. பிறகு நின்றே விட்டது. ஊசி அப்போதும் பாதியில்தான் இருந்தது! ஆனால் டேங்க் காலி.

நல்ல வேளையாக அந்த வழியே ஒரு வேன் வந்தது. பாட்டியை அதில் ஏற்றினார்கள். பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் அரை மணி நேரம் வீணாகிவிட்டது. நெஞ்சு வலி வந்தவருக்கு அரை மணி நேரம் சிறிய நேரமா? அன்று இரவு ஓட்டுநர் தூங்கவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணே, இந்த ஊசி ஏன் பொய் சொன்னது?"

"தம்பி, ஊசிக்குக் கண் இல்லை. மிதவை சொல்வதைத்தான் அது காட்டும்" என்றார் மெக்கானிக்.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீரில் காலிக் குடம் மிதப்பது போல, அது பெட்ரோலில் மிதக்கிறது. பெட்ரோல் குறைந்தால் மிதவையும் இறங்கும். மிதவையை ஒரு கம்பி பிடித்திருக்கிறது. கம்பி மேலும் கீழும் அசையும்போது ஒயரில் போகும் மின்சாரம் கூடும் அல்லது குறையும். அதற்கு ஏற்றபடி ஊசி நகரும்.

கோளாறு எங்கே?

மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

1. முதலில் மற்ற மீட்டர்களைப் பார்த்தார். அவையும் வேலை செய்யாவிட்டால் ஃபியூஸ் போயிருக்கலாம். இந்தக் காரில் மற்ற மீட்டர்கள் சரியாக இருந்தன.

2. அடுத்து ஒயரைப் பார்த்தார். ஒயர் அறுந்தாலும், முனை தளர்ந்தாலும், துருப்பிடித்தாலும் ஊசி தவறாகக் காட்டும். ஒயர் நன்றாக இருந்தது.

3. பிறகு மிதவைக்குப் போகும் ஒயரைக் கழற்றினார். சாவியைத் திருப்பினார். ஊசி ஒரு முனைக்குப் போனது. ஒயரைக் காரின் இரும்பில் தொட்டார். ஊசி மறுமுனைக்குப் போனது. எனவே மீட்டரும் ஒயரும் நல்லவை. கோளாறு மிதவைப் பகுதியில்தான்.

அதை வெளியே எடுத்தார். கம்பி துருப்பிடித்து நடுவில் சிக்கியிருந்தது. அதனால்தான் ஊசி பாதியிலேயே நின்றது. சில கார்களில் மிதவை ஓட்டையாகி மூழ்கிவிடும். அப்போது டேங்க் நிறைந்திருந்தாலும் ஊசி "காலி" என்றே காட்டும்.

இந்தச் சோதனையை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். பெட்ரோலின் அருகே சிறு பொறி பறந்தாலும் தீப்பிடிக்கும்.

நோட்டுப் புத்தகம் பொய் சொல்லாது

மெக்கானிக் புதிய மிதவை போட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, இனி ஊசியை மட்டும் நம்பாதே. எழுதி வை."

ஓட்டுநர் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். ஒரு நோட்டு வாங்கினார். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டார். காரின் கிலோமீட்டர் எண்ணை எழுதினார். 240 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் டேங்கை நிரப்பினார். 20 லிட்டர் பிடித்தது. 240-ஐ 20-ஆல் வகுத்தார். விடை 12. அவருடைய கார் ஒரு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது!

இப்போது அவர் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார். ஊசியும் நோட்டும் வேறு வேறாகச் சொன்னால், உடனே மெக்கானிக்கிடம் போகிறார்.

நினைவில் வைப்போம்

• தீக்குச்சி கிழித்து டேங்குக்குள் பார்க்காதீர்கள். பெட்ரோல் ஆவி வெடிக்கும்.
• குழாய் வைத்து வாயால் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.
• மேட்டில் நிற்கும் காரில் ஊசி தவறாகக் காட்டலாம். சமமான தரையில் நிறுத்திப் பாருங்கள்.
• நெஞ்சு வலி வந்தால் உடனே 108 எண்ணுக்கு ஆம்புலன்ஸ் கேட்டுப் பேசுங்கள்.

பயிற்சி

1. ஊசி ஏன் பாதியிலேயே நின்றது?
2. கோடிட்ட இடத்தை நிரப்புக: பெட்ரோல் குறைந்தால் ______ இறங்கும்.
3. ஒரு கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும். அதில் 10 லிட்டர் பெட்ரோல் இருக்கிறது. 150 கிலோமீட்டர் போக அது போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
4. உங்கள் தொழிலில் நீங்கள் தினமும் எழுதி வைக்க வேண்டியது எது? இரண்டு வரி எழுதுங்கள்.