தூண்டில் இரை வார்க்கும் சாந்து அச்சு: செப்பனிடலும் நீர்புகாது பூசலும்

குளத்தை அண்டி நெற்செய்கை செய்யும் கமக்காரர் சிலர், வயல்வேலை குறைந்த நாட்களில் தூண்டிலிட்டு மீன் பிடிப்பர். தவளையையும் சிறுமீனையும் உண்ணும் விரால், அவற்றின் வடிவில் வார்த்த மென்பிளாஸ்ரிக் இரையையும் கவ்வும். இவ்விரையை வீட்டில் வார்ப்பதற்குப் பரிஸ் சாந்தினாற் செய்த அச்சுப் போதுமானது. முறிந்த எலும்புக்கு வைத்தியசாலையிற் கட்டப்படும் வெண்சாந்தும் இதுவே.

சில முறை வார்த்தபின் அச்சின் விளிம்பு உதிர்வதும், உட்பரப்பிற் துளை விழுவதும், வெடிப்புக் காண்பதும் இயல்பு. அத்தகைய அச்சை உடனே எறிந்துவிட வேண்டியதில்லை. ஆனால், அரைகுறையாய் உலர்ந்த அச்சிற் சூடான பிளாஸ்ரிக்கை ஊற்றினால் இரை பழுதாவதுடன், குழம்பு கையிலும் முகத்திலும் தெறிக்கக்கூடும். ஆகவே வேலையின் ஒழுங்கை மாற்றலாகாது. நனைத்துச் செப்பனிடல் முதலாவது, முற்றாக உலர்த்தல் இரண்டாவது, பூசுதல் இறுதியானது.

சாந்து நீரை உறிஞ்சுவது ஏன்?

ஜிப்சம் என்னும் கனிப்பொருளை ஏறக்குறைய 150 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், அதனுடன் இணைந்துள்ள நீரில் முக்காற்பங்கு நீங்கிப் பரிஸ் சாந்து கிடைக்கும். நீர் விட்டுக் குழைக்கும்போது, இழந்த நீரை மீளப்பெற்று அது இறுகுகின்றது. 100 கிராம் சாந்து இறுகுவதற்கு ஏறக்குறைய 19 கிராம் நீரே வேண்டும். எனினும் வார்ப்பதற்கேற்ற பதம் வருவதற்கு 70 கிராம் வரை நீர் சேர்க்கப்படுகின்றது. மிகுதி நீர் ஆவியாகிய இடங்கள் நுண்துளைகளாக எஞ்சும். இத்துளைகளில் ஈரம் தங்கியிருக்க, ஏறக்குறைய 175 பாகைச் சூட்டிலுள்ள பிளாஸ்ரிக்கை ஊற்றினால், அவ்வீரம் கணத்தில் நீராவியாகிக் குமிழ்களை எழுப்பும்.

செப்பனிடும் முறை

1. உட்பரப்பை நகத்தினாற் சுரண்டுக. மாவாக உதிருமாயின் அவ்வச்சு செப்பனிடத் தகாதது. புதியதொன்று வார்த்தலே நன்று.

2. தளர்ந்த துகள்களைத் தூரிகையால் அகற்றுக. வெடிப்பைக் கத்திமுனையால், வாய் ஒடுங்கி உள் அகன்றிருக்கும்படி வெட்டுக. புதுச்சாந்து பிடிப்புடன் நிற்பதற்கு இது உதவும்.

3. பழுதுற்ற பகுதியை, குமிழ்கள் எழுவது நிற்கும்வரை நீரில் ஊறவிடுக. உலர்ந்த பழஞ்சாந்து புதுச்சாந்தின் நீரை உறிஞ்சிவிடுமாதலால், ஊறவிடாது இட்ட ஒட்டு விரைவிற் பெயர்ந்துவிடும்.

4. 70 கிராம் நீரில் 100 கிராம் சாந்தைச் சிறிது சிறிதாகத் தூவுக. சாந்தின்மேல் நீரை ஊற்றலாகாது, கட்டி விழும். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, காற்றுப் புகாதபடி மெதுவாகக் கலக்குக. பாத்திரத்தில் முன்னர் இறுகிய துகள்கள் இருப்பின் புதுச்சாந்து பதம் தவறி விரைந்து இறுகும். எனவே ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைத் துடைத்துக்கொள்க.

5. சாந்தைச் சிறு தூரிகையாற் பள்ளத்தில் அழுத்திச் சற்று மேடாக விடுக. அரைப்பதமாய் இறுகியதும், மேட்டைக் கத்தியாற் சீவி உருவைச் சரிசெய்க. முற்றாக உலர்ந்தபின் நுண்ணிய அரத்தாளாற் தேய்க்கலாம்.

முன்னரே பூசப்பட்ட அச்சினுள் நீர் ஊறாது. அங்கு சாந்து ஒட்டாது. அதனை, இரு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எபொக்சிப் பசையால் அடைத்தல் வேண்டும்.

உலர்த்தல்

மாரியில் ஈரக்காற்றினால் உலர்தல் தாமதமாகும். பெரும்போக அறுவடைக்குப் பின்வரும் வெயில் நாட்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. அச்சைக் காற்றோட்டமுள்ள இடத்தில் விளிம்பிலே நிறுத்தி வைக்குக. அடுப்பின்மீது வைத்தலாகாது, 50 பாகைக்கு மேற்பட்ட சூடு நீடித்துப் பட்டால், இறுகிய சாந்து தன் இணைநீரை இழந்து வலிமை குன்றும். நாள்தோறும் தராசில் நிறுத்துப் பார்க்குக. அடுத்தடுத்த இரு நாட்களில் நிறை குறையாதிருப்பின் அச்சு உலர்ந்ததெனக் கொள்ளலாம். கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றுவது மட்டும் போதிய சான்றன்று.

நீர்புகாது பூசல்

தச்சர் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையுடன் சம அளவு நீர் சேர்த்து முதற்பூச்சை மெல்லியதாக இடுக. அது உட்சென்று உலர்ந்தபின், நீரைக் குறைத்து மேலும் இரண்டு அல்லது மூன்று பூச்சு இடலாம். ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குக. செதில், கண் முதலிய நுண்கோடுகளிற் பசை தேங்கவிடலாகாது. இறுதியில் ஒரு துளி நீரை இட்டுப் பார்க்குக. துளி உருண்டு நிற்பின் பூச்சுப் போதும். உறிஞ்சப்படின் அச்சை மீண்டும் உலரவிட்டு இன்னொரு பூச்சு இடுக. வார்க்குமுன் சிறிதளவு சமையலெண்ணெய் தடவினால் இரை எளிதிற் கழன்று வரும்.

கவனிக்க வேண்டியவை

இவ்வச்சில் உருக்கிய ஈயத்தை ஊற்றலாகாது. ஈயம் 327 பாகையில் உருகுவது. சிறிதளவு ஈரம் இருப்பினும் அது வெடித்துத் தெறிக்கும். கிழிந்த பழைய மென்பிளாஸ்ரிக் இரைகளை மீள உருக்கலாம். பொலித்தீன் பைகளையும் போத்தல்களையும் அவற்றுடன் சேர்க்கலாகாது. பிளாஸ்ரிக் புகையுமளவிற்குச் சூடேறினால் நச்சு வாயு வெளிப்படும். ஆகையால் திறந்த வெளியில், சமையலுக்கு உதவாத தனிப் பாத்திரத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, சிறுவரை விலக்கி வேலை செய்தல் வேண்டும். மிகுந்த சாந்தை வாய்க்காலிற் கொட்டலாகாது. அது அங்கே இறுகி நீரோட்டத்தைத் தடுக்கும். அறுந்த இரைகளைக் குளத்தில் விடாது எடுத்து வருக. அவற்றை விழுங்கும் மீன் செரிக்க இயலாது துன்புறும்.

ஓர் அச்சைச் செப்பனிடச் செல்லும் நேரம் ஒரு மணிக்கும் குறைவே. உலரச் செல்லும் நேரமோ பல நாட்கள். அந்நாட்களைப் பொறுத்திருப்பவரின் அச்சும் நிலைக்கும். அவர் கையும் கண்ணும் காக்கப்படும்.